கண்ணுள்ளோர்க்கு மட்டும் காவல்

கவிதைக்குத் திறனாய்வு எழுதுகிறோம், நாடகத்துக்கு எழுதுகிறோம். கோடிக்கணக்கான கைகள் நாள்தோறும் தொடும் ஓர் அச்சுத்தாளை மட்டும் ஆய்ந்து பார்க்க மறந்தோம். ஐந்நூறு ரூபாய்த் தாளைத்தான் சொல்கிறேன். 2016 நவம்பரில், பழைய 500, 1000 தாள்களைச் செல்லாதவை ஆக்கிய கையோடு வெளிவந்தது இது. சாம்பல் நிறம், பின்புறம் செங்கோட்டை.

வேலைப்பாடு இல்லை என்று கூறமாட்டேன். ஒளியிற் பிடித்தால் நீர்க்குறியில் காந்தியார் முகம் தோன்றும். சாய்த்தால் பச்சை இழை நீலமாகும். உற்று நோக்கினால் நுண்ணெழுத்துத் தென்படும். கள்ளத்தாள் அடிப்போனுக்குக் கடினம்தான். நன்று! ஆனால் தோழர்களே, உற்று நோக்குவோர் யார்?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் இருக்கிறது இண்டூர். அந்தி மங்கும் வேளை, அங்கே தெருவோரம் கூடை வைத்துத் தக்காளி விற்கும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். பேருந்தைப் பிடிக்கும் பரபரப்பில் ஒருவர் நீட்டும் தாளை, அவர் எந்த ஒளியிற் பிடிப்பார்? இழையைக் கண்டாலும் அதில் இருப்பது தேவநாகரியில் ‘பாரத்’, ஆங்கில எழுத்தில் ‘ஆர்.பி.ஐ.’. நுண்ணெழுத்தும் அவ்விரு மொழிகளே. தமிழ் எங்கே? பின்புறத்தில், பதினைந்து மொழிகளின் பட்டியலில், பதின்மூன்றாம் வரியில். அகரவரிசை தந்த இடம் அது. அதைக் குறை கூறேன். காவல் காக்கும் எழுத்தில் தமிழ் இல்லை என்பதே குறை. ஒன்றிய அலுவலுக்கு உலகப் பொது வடிவ எண்களே என்கிறது அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவு. எனினும் தாளில் தேவநாகரி எண்ணும் ஏறியது. இரண்டாயிரம் ரூபாய்த் தாளில் அது இடம்பெற்றதை எதிர்த்து, 2016இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கே தொடுத்தனர்.

மறுநாள் வங்கியில் அந்தத் தாள் கள்ளத்தாள் எனத் தெரிந்தால்? முத்திரை குத்திப் பறித்துக்கொள்வர். ஈடு ஏதும் கிடையாது. அடித்தவன் எங்கோ இருக்க, கடைசியாக வைத்திருந்தவர் தலையில் விழும் அந்த ஐந்நூறும்.

கண்ணொளி இழந்தோர் நிலையோ இன்னும் கொடிது. பழைய வரிசையில் நூறு ரூபாய்த் தாளின் நீளம் 157 மில்லிமீட்டர், ஐந்நூறுக்கு 167, ஆயிரத்துக்கு 177. விரல் அளந்தே அறிந்தது. புதிய வரிசையில் நூறுக்கு 142, இருநூறுக்கு 146, ஐந்நூறுக்கு 150. அகலம் மூன்றுக்கும் ஒரே 66. இடைவெளி, ஓர் உளுந்து மணி! ஓரத்தில் புடைப்புக் கோடுகள் உண்டு: நூறுக்கு நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து. புதுத்தாளில் விரலுக்குத் தெரியும். வியர்வையில் ஊறி, மடியில் கசங்கி, நைந்துபோன தாளில்?

இதற்கு மாற்றாக, 2020 ஜனவரியில் ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. தாள் எத்தனை ரூபாய் என்று அது சொல்லும். நல்லதா கள்ளதா என்று சொல்லாது. தாள் பேசவில்லை என்பதால் அதற்கொரு துபாசி! அதற்கும் ஒரு கைப்பேசி வாங்கியாக வேண்டும்.

அடுத்த வரிசையை வரைவோர் அந்தப் பத்து மில்லிமீட்டரை மீண்டும் தரட்டும். இழையில் தமிழெழுத்துக்கும் ஓர் இடம் தரட்டும். வரைந்த தாளை அச்சகத்துக்கு அனுப்புமுன், இண்டூர்த் தெருவில், விளக்கில்லாத வேளையில், அந்த மூதாட்டியின் கையில் ஒருமுறை கொடுத்துப் பார்க்கட்டும்.