நெல்மணிக்குள் ஒரு கதவு

நெற்குதிரைத் திறந்ததும் வைக்கோல் நிறத்தில் படபடக்கும் நெல் அந்துப்பூச்சியை யார் ரசிப்பார்கள்? உழவருக்கு அது வயிற்றெரிச்சல், நியாயம்தான். ஆனாலும் கூர்ந்து பாருங்கள்: நுனி விரல்போல் நீண்ட பின்சிறகு, அதன் ஓரமெங்கும் மெல்லிய மயிர்க்குஞ்சம்.

வெள்ளையாக இட்ட முட்டை மெல்லச் சிவக்கும். பொரிந்த புழு ஒரு நெல்லுக்குள் நுழைந்தால், உண்பதும் வளர்வதும் கூட்டுப்புழு ஆவதும் அதற்குள்ளேதான். எனக்குப் பிடித்தது அதன் தச்சுவேலை. பூச்சியாகிவிட்டால் கடிக்கத் தாடை இருக்காது. அதனால் புழுவாக இருக்கும்போதே மேல்தோல் வரை குடைந்து, வட்டமாக அரைகுறையாய் வெட்டி, ஒரு மூடியை விட்டுவைக்கும். பிறகு பூச்சி தலையால் முட்டினால் போதும், திறந்துகொள்ளும்.

வெளியே வந்தபின் தானியத்தை அது தொடுவதே இல்லை. இணை, முட்டை, சில நாள் ஆயுள். வயலில் முற்றும் கதிரிலேயே முட்டையிடுவதும் உண்டு. அப்போது அறுத்த நெல்லோடு அதுவும் வீடு வந்து சேரும்.