நந்தனுக்குக் குறுக்கே வந்த வேதியர்

சேத்தியாத்தோப்புப் பக்கம் நந்தன் கதையைச் சொல்பவர்கள், சிதம்பரம் போக விடாத ஆண்டையையும் சேர்த்தே சொல்வார்கள். பெரியபுராணத்தில் அப்படி ஒருவரே இல்லை. சேக்கிழாரின் நந்தன், அதாவது திருநாளைப்போவார், ஊர் விட்ட மானிய நிலத்தில் உண்டு, கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்து வாழ்பவர். தில்லை போகவிடாமல் அவரைத் தடுப்பது தம் பிறப்பைப் பற்றிய எண்ணம்தான்.

அந்தத் தடையை மனத்திலிருந்து எடுத்து, வேதிய ஆண்டையாக வரப்பில் நிறுத்தினார் கோபாலகிருஷ்ண பாரதியார். 12ஆம் நூற்றாண்டுக் காப்பியத்தில் தயக்கமாக ஒலித்த ‘நாளை’, 1861இல் அச்சேறிய கீர்த்தனையில் பண்ணையாள் கேட்கும் தவணையாகிறது. தஞ்சைச் சீமையின் படியாள் வாழ்வை அறிந்தவர் செய்த மாற்றம் இது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கியதற்கு இலக்கண வழுக்களும் மூலத்திலிருந்து விலகியதும் காரணங்கள் என்பது உ.வே.சா. வழியாக நாம் அறிந்தது. வழுக்கள் உண்மை. விலகலைக் குற்றமாக்க முடியாது. கதையின் காரணகாரியம் அதனால்தான் இறுகியது.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே இரவில் வயல் விளைந்ததும் வேதியர் நந்தன் காலில் விழுகிறார். அதுவரை பாரதியார் கட்டியெழுப்பிய வழக்கை அற்புதம் வந்து தள்ளுபடி செய்துவிடுகிறது. வேதியர் நந்தனை விடுகிறார், பண்ணையை விடவில்லை. தில்லைக்குள் நுழையுமுன் நந்தன் மூழ்கும் தீயிலும் பாரதியார் கைவைக்கவில்லை: புலையர் முனிவராகித்தான் உள்ளே போகிறார்.

அந்தத் தீயில் கைவைத்தவர் இந்திரா பார்த்தசாரதி. ‘நந்தன் கதை’ நாடகத்தில் அது மேல்சாதியார் விரிக்கும் சதிவலை. தர்க்கம் கச்சிதமானது. ஆனால் இந்த நந்தன் ஏமாற்றப்படுபவன். சேக்கிழாரிடம் தானாக நடந்து தீயை வலம்வந்த மனிதனின் திண்மை இவனிடம் குறைவு. சதி வலுக்க வலுக்கப் பாத்திரம் மெலிகிறது.

பழைய நூலை மாற்ற இன்னொரு வழியும் உண்டு. 2023இல் சிறுவர் எழுத்தாளர் ரோல்டு டால் நூல்களின் பதிப்பாளர், பழைய தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் வைத்துக்கொண்டே உள்ளே சொற்களை மாற்றினார். பாரதியாரும் இந்திரா பார்த்தசாரதியும் சேக்கிழாரில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. தம் பெயரில் தனி நூல் செய்தார்கள். அதனால்தான் மூன்றையும் அருகருகே வைத்து எடைபோட முடிகிறது. போட்டால், என் தராசு பாரதியார் பக்கமே சாய்கிறது, வேதியர் காலில் விழும் காட்சி வரைக்கும்.