கைத்தடமும் கைரேகையும்: இழைக்கலைச் சொல்லாட்சியும் கோலார் தங்கவயலும்

1. முன்னுரை

துணி, நூல், கயிறு ஆகியவற்றைக் கொண்டு அமையும் இழைக்கலை இன்று ஓவியக்கூடங்களில் தனியிடம் பெற்றுள்ளது. 1982இல் இலண்டனில் நடைபெற்ற இந்திய விழாவையொட்டி மார்த்தாண்ட் சிங் தொடங்கிய 'விஸ்வகர்மா' கண்காட்சி வரிசை, நெசவை அருங்காட்சியகத்துக்குரிய கலையாக முன்வைத்தது. 2015இல் தில்லியை அடுத்த குர்கானில் தேவி கலை அறக்கட்டளை நடத்திய 'ஃபிராக்சர்' என்னும் கண்காட்சி அதனைத் தற்காலக் கலையின் ஒரு கூறாகவே காட்டியது. இக்கலை பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைத் தமிழில் தருவோர் 'கிராஃப்ட்' என்பதற்குக் 'கைவினை' என்றும், 'ஹேண்ட்மேட்' என்பதற்குக் 'கையால் செய்யப்பட்டது' என்றும் எழுதிச் செல்கின்றனர்.

இச்சொற்கள் எந்தக் கையை உள்ளடக்குகின்றன, எந்தக் கையை விலக்குகின்றன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இதனை ஆராயக் கோலார் தங்கவயல் களமாகக் கொள்ளப்படுகிறது. தங்கவயல் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊரன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்த் தொழிலாளர் தம் கைகளால் பொன் அகழ்ந்த ஊர் அது. அவ்வுழைப்பைக் கைவினை என்று எவரும் கூறியதில்லை. அதற்கான காரணங்களைத் தேடும்போது கைவினை என்னும் சொல்லின் எல்லை தெளிவாகிறது.

2. நூலும் பனுவலும்

தமிழில் நூல் என்பது பஞ்சிலிருந்து திரிக்கும் இழையையும் கற்போர் கையில் உள்ள ஏட்டையும் ஒருங்கே சுட்டும். இவ்வொப்புமைக்கு விளக்கம் தருவது நன்னூல் பொதுப்பாயிரம். அங்குச் சொல் பஞ்சாகவும், பனுவல் இழையாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாய் கையாகவும், அறிவு கதிராகவும் உருவகம் பெறுகின்றன. அடுத்து வரும் செய்யுள் மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலை உவமையாக்குகிறது. இந்நூலை இயற்றுவித்தவன் கங்க மரபினனாகிய சீயகங்கன் எனச் சிறப்புப்பாயிரம் கூறும். கங்கரின் தொடக்ககாலத் தலைநகர் கல்வெட்டுகளில் குவளாலபுரம் என வழங்கும் கோலார். ஆகவே நூலுக்கு இழையை உருவகமாக்கிய இலக்கணம், தங்கவயலை அடுத்த நிலப்பகுதியோடு புரவலன் மரபு வழியாகத் தொடர்புடையது எனலாம்.

இவ்வுருவகத்தில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. புலவனுக்கு ஒப்பாகக் கூறப்படுபவள் நூற்கும் பெண். சங்கப் பாடல்களில் அவள் உருவகமாக அல்லாமல் ஆளாகவே வருகிறாள். நற்றிணையில் கபிலர், துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பனுவலை மலைமேல் தவழும் மழைமுகிலுக்கு உவமையாக்குகிறார். புறநானூற்றில் பருத்திப் பெண்டு இரவில் சிறு விளக்கொளியில் வேலை செய்கிறாள். இவ்விடங்களில் பனுவல் என்பது பஞ்சையும் இழையையும் குறிக்க, பிற்காலத்தில் அச்சொல் இலக்கியத்துக்கு உரியதாயிற்று. பொருள் உயர்ந்தது. ஆனால் நூற்றவள் பெயரை எந்த ஏடும் தாங்கவில்லை. புலவர்க்குப் பெயர் உண்டு. அவர்க்கு உவமையானவள் 'பெண்டு' என்ற பொதுப்பெயரோடு நின்றுவிட்டாள். இழைக்கலை பற்றிய இக்காலச் சொல்லாடலிலும் இதே அமைப்பு தொடர்வதைப் பின்னர்க் காண்போம்.

3. 'கை' என்னும் முன்னடை

கைத்தறி என்னும் சொல்லமைப்பு மொழியியலார் கருதத்தக்கது. எல்லாத் தறியும் கையால் இயங்கிய காலத்தில் தறி என்பதே போதுமானதாக இருந்தது. விசைத்தறி வந்தபின் பழைய பொருளைப் புதியதினின்று வேறுபடுத்தக் 'கை' என்னும் அடை வேண்டியதாயிற்று. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் கைத்தறியை விசைத்தறி அல்லாத தறி என எதிர்மறையாகவே வரையறுக்கிறது. இயந்திரம் வரும்வரை கை என்பது சொல்லாமலே விளங்கிய செய்தி. இயந்திரம் வந்தபின் அது சொல்லியாக வேண்டிய சிறப்பாயிற்று. 2006இல் அறிமுகமான கைத்தறி முத்திரை அச்சிறப்பைச் சந்தையில் சான்றுப்படுத்தும் அடையாளம்.

வினை என்னும் சொல்லின் வரலாறும் இதனோடு இயைவது. சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் காருகரைப் பற்றிக் கூறும்போது, பட்டு, மயிர், பருத்தி ஆகியவற்றால் அவர் செய்யும் தொழிலை நுண்வினை என்கிறது. இன்று கைவினை என்னும் சொல் அந்நுண்மையை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டது. எஞ்சிய கையுழைப்பு முழுவதும் கைவேலை, கூலிவேலை என்னும் சொற்களின்கீழ்ச் சென்றது. தமிழ்நாடு அரசின் கைத்திறத் தொழில் விற்பனை நிலையங்களுக்குப் பூம்புகார் என்று பெயரிட்டபோது இவ்விலக்கிய நினைவே துணைநின்றது எனலாம். கூலிவேலைக்கு அத்தகைய நினைவு எதுவும் கிட்டவில்லை.

ஆங்கிலத்தின் நிலை வேறு. ஆலைத் தொழிலாளியை அம்மொழி 'மில்ஹேண்ட்' என்கிறது. அதாவது ஆளை அவன் கையாகச் சுருக்குகிறது. மைசூர் அரசின்கீழ் இருந்த தங்கவயல் சுரங்கத் தொழிலாளரையும் பெங்களூர் நூலாலைத் தொழிலாளரையும் ஆராய்ந்து ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட நூலின் பெயர் 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்'. தமிழில் இதனை ஆலைத் தொழிலாளர் என்றே எழுத இயலும். கையாள் என்றால் பொருள் திரிந்துவிடும். தமிழ் தொழிலாளியை ஆள் என்கிறது: வேலையாள், கூலியாள். ஆகவே 'ஹேண்ட்மேட்', 'மில்ஹேண்ட்' ஆகிய இரண்டிலும் ஒரே கை இருப்பதை ஆங்கில வாசகர் கேட்க முடியும். தமிழ் வாசகர்க்கு அத்தொடர்பு மறைந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பில் நேரும் இவ்விழப்பு சிறியதன்று.

4. ஷீலா கௌடாவின் இரு படைப்புகள்

இந்நோக்கில் பெங்களூரைச் சார்ந்த ஷீலா கௌடாவின் இரு படைப்புகளை மதிப்பிடலாம். 1957இல் பத்ராவதியில் பிறந்த இவர் ஓவியராகத் தொடங்கி, 1990களில் சாணம், நூல், குங்குமம் முதலியவற்றை ஊடகமாகக் கொண்டார். 1998இல் தொடங்கிய 'அண்ட் டெல் ஹிம் ஆஃப் மை பெயின்' என்னும் படைப்பில், நெடிய நூல்கள் அவற்றின் முழுநீளமும் ஊசித் துளைகள் வழியே இழுக்கப்பட்டு, பசையும் குங்குமமும் சேர்த்துப் பிணைக்கப்பட்டுச் செந்நிற வடங்களாகின்றன. வடத்தின் முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்குகின்றன. தைப்பதற்கான கருவியும் நூலும் இருந்தும் எத்துணியும் தைக்கப்படவில்லை. உழைப்பின் அளவு மட்டும் வடத்தின் நீளமாகக் கண்முன் நிற்கிறது. இப்படைப்பின் வலிமை இதுவே. வேலைப்பாட்டின் அழகை இது காட்ட முயலவில்லை. அதற்குச் செலவான காலத்தைக் காட்டுகிறது.

இதன் தலைப்பைத் தமிழாக்குவோர் ஒரு முடிவை மேற்கொண்டே ஆகவேண்டும். 'ஹிம்' என்பது அவனா, அவரா? ஆங்கிலம் மறைத்து வைக்கும் உறவைத் தமிழ் வெளிப்படுத்தியாக வேண்டும். 'என் நோயை அவர்க்கும் உரை' எனின் அகப்பாடலின் தலைவி தூதுவிடும் குரல் கேட்கும். 'என் வலியை அவனிடம் சொல்' எனின் குற்றச்சாட்டின் குரல் கேட்கும். பெண் தன் வீட்டில் செய்யும் ஊதியமற்ற வேலையைப் படைப்பின் மையமாகக் கொள்வோர் இரண்டாவதைத் தேர்வர். எனினும் முதல் வடிவத்தில் காதலும் துயரும் பிரிக்க இயலாதபடி கலந்திருப்பதால், குங்குமத்தின் மங்கலத்தையும் ஊசியின் கூர்மையையும் ஒன்றாக வைத்த இப்படைப்புக்கு அதுவே பொருந்துவதாகக் கருதத் தோன்றுகிறது.

2009இல் வெனிசு ஈராண்டு விழாவில் இடம்பெற்ற 'பிஹோல்ட்' மற்றொரு வகையினது. கோயில்களில் காணிக்கையாக அளிக்கப்பட்ட தலைமயிரைத் திரித்த கயிறுகள் ஏறத்தாழ 4,000 மீட்டர் நீளத்துக்குத் தொங்கி, மகிழுந்துகளின் எஃகு பம்பர்களைத் தாங்குகின்றன. கண்ணேறு கழிக்க வண்டிகளில் கட்டும் கயிறு இது. புகார் நகரத்துக் காருகர் தொழிலில் மயிரும் இழையாக இருந்ததை நினைப்பார்க்கு இது புதிய பொருளாகத் தோன்றாது. ஆனால் இங்கு ஓர் ஐயம் எழுகிறது. முதற்படைப்பில் உழைப்பு கலைஞரின் பெயரோடு இணைந்து நிற்கிறது. இரண்டாவதில் கயிறு திரித்தோரும் மயிர் அளித்தோரும் பெயரற்றவர்கள். மயிரை ஊடகமாகக் கொண்ட ஆற்றல் பாராட்டத்தக்கது. படைப்பைப் பற்றி எழுதுவோர் 'கைத்தடம்', 'கையின் நினைவு' என்று புகழும்போது அந்தக் கை யாருடையது என்று வினவுவதில்லை. நன்னூல் உருவகத்தில் நூற்கும் பெண்ணுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கிறது. குறை படைப்பில் இருப்பதைக் காட்டிலும் திறனாய்வுச் சொல்லாடலில் மிகுதியாக உள்ளது.

5. தங்கவயலின் கை

திறனாய்வு பொதுப்பெயரால் சுட்டிச் செல்லும் கையைத் தங்கவயலில் ஆளாகக் காணலாம். 1880இல் ஜான் டெய்லர் குழுமம் பொறுப்பேற்றபின் விரிவடைந்த சுரங்கங்களில் அடிநிலை உழைப்பைத் தந்தோர் பெரும்பாலும் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஆதிதிராவிட மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. 2001இல் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது.

இம்மக்கள் கைவினைக்கு அயலானவர் என்னும் எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. சோழர்காலக் கல்வெட்டு உழவுப் பறையர், நெசவுப் பறையர் என இரு பிரிவினரைக் குறிக்கிறது. நெசவுத் தொழிலுடைய பிரிவினர் கோலியர் என வழங்கியதை 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பும் பதிவு செய்துள்ளது. தங்கவயலுக்கு வந்தோர் தறியை விட்டு வந்தவர் என்பது இதன் பொருளன்று. ஒரு மக்கட்பிரிவின் நுண்வினை வரலாறு அதன் பெயரோடு சேர்த்து எண்ணப்படாமல் போனது என்பதே இங்குக் கருதத்தக்கது. சுரங்கக் குடியிருப்புகளில் நெடுங்காலம் வழக்கிலிருந்த மூங்கில் தட்டிக் குடிசைகளும் இவ்வகையினவே. தட்டி முடைதலும் குறுக்கும் நெடுக்குமாக இழை கோக்கும் கைவேலைதான். அருங்காட்சியகம் அதனை நெசவின் உறவாக எண்ணியதில்லை.

கைத்தடம் என்னும் திறனாய்வுச் சொல்லின் மறுபக்கமும் இங்குக் காணக் கிடைக்கிறது. கைத்தறித் துணியில் இழை சற்றுப் பிசகியிருந்தால் வாங்குவோர் அதனை உண்மைத்தன்மையின் சான்றாக மதிக்கின்றனர். தங்கவயலிலோ கையின் தடத்தைக் குழுமம் கேட்டது வேறு நோக்கத்துக்காக. தொழிலாளர் பதிவின்போது விரல்ரேகை எடுக்கும் முறையை எதிர்த்து 1930இல் அங்குப் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. பொன் திருட்டு பற்றிய ஐயம் சூழ்ந்த தொழிலில் ரேகை வைப்பது தம்மைக் குற்றவாளியின் வரிசையில் நிறுத்தும் என்பது தொழிலாளர் உணர்வு. ஒரிடத்தில் கையின் சுவடு மதிப்பைக் கூட்ட, மற்றோரிடத்தில் அது மானத்தைக் குறைத்தது. இரண்டு சுவடுகளையும் ஒருசேர வைத்துப் பார்க்காத இழைக்கலைத் திறனாய்வு, வாங்குவோரின் கண்ணால் மட்டுமே கையைக் காண்கிறது.

தங்கவயல் மக்கள் எழுத்தின் நூலையும் கைவிட்டவர் அல்லர். அயோத்திதாசர் 1914இல் மறைந்தபின், 'தமிழன்' இதழ் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு சாம்பியன் ரீஃபிலிருந்து வெளிவந்தது. பகலில் பாறை உடைத்த ஊர் வாரந்தோறும் ஏடு படித்தது. பனுவலின் இரு பொருளில் ஒன்றை அவர்கள் தாமே மீட்டுக்கொண்டனர் என்று இதனைக் கூறலாம்.

பொன்னிழை நெய்வோரோடு ஒப்பிட்டால் வேறுபாடு மேலும் விளங்கும். திருவிதாங்கூர் பலராமவர்மா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து குடியமர்த்தப்பட்டதாகத் தம் வரலாற்றைக் கூறும் பலராமபுரம் சாலியர், கசவு என்னும் பொன்சரிகையைப் பருத்தியோடு நெய்கின்றனர். அவர்தம் துணிக்குப் புவிசார் குறியீடு உண்டு. தற்காலக் கலைஞர் லட்சுமி மாதவன் அந்நெசவாளரோடு இணைந்து படைத்தும் வருகிறார். இரு கூட்டத்தாரும் தமிழர். இருவரும் பொன்னோடு தொழில் செய்தோர். இருவரும் வேற்று மொழி நிலத்தில் வாழ்வோர். நெய்தவர்க்குக் குறியீடு கிடைத்தது. அகழ்ந்தவர்க்குக் கைவினைஞர் என்னும் சொல்லும் கிடைக்கவில்லை. அவர்தம் மக்களில் ஆயிரக்கணக்கானோர் இன்று நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, 'கிராஃப்ட்' என்னும் சொல்லுக்குக் கைவினை என்பதை எல்லா இடத்தும் இயல்பாக இட்டு நிரப்புதல் தகாது. மூலநூல் உழைப்பைப் பேசுகிறதா, நுண்மையைப் பேசுகிறதா என்று நோக்கிக் கைத்தொழில், கைவேலை, கைவினை என்பவற்றுள் தேர்தல் வேண்டும். இரண்டாவது, இழைக்கலை பற்றிய தமிழ்க் கட்டுரைகளும் கண்காட்சிக் குறிப்புகளும் கலைஞரின் பெயரோடு நூற்றோர், நெய்தோர், திரித்தோர் பெயர்களையும் தரும் மரபை மேற்கொள்ள வேண்டும். பெயர் தெரியாவிடத்துத் தொழிற்பெயரையேனும் தருதல் இயலும். மூன்றாவது, தங்கவயலின் சுரங்கத் தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும் பணி. சுரங்கம் மூடப்பட்ட பின்னர் அச்சொற்களை வேலையில் வழங்கியோர் முதுமை எய்தி வருகின்றனர். நெசவுச் சொற்களுக்கு அகராதிகளில் இடம் கிடைத்தது போல் இக்கைகளின் சொற்களுக்கும் இடம் கிடைக்க வேண்டுமானால், அப்பணியை மொழி ஆய்வு நிறுவனங்கள் இப்போதே மேற்கொள்ளுதல் வேண்டும்.