பருந்துப் படமும் மறைந்த படகும்

பாட்டைப் படிப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை மறுப்பார் இலர். படத்தைப் பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்றாலோ வியப்போர் பலர். கண்ணுடையார் எல்லாரும் காணக்கூடிய ஒன்றுக்குக் கல்வி எதற்கு என்று வினவுவர். ஆயினும், இன்றைய மாணாக்கர் ஏட்டில் கற்பதைவிடத் திரையில் காண்பதே மிகுதி. காட்டுயிர் பற்றிய பாடத்தைத் தொடங்கும் ஆசிரியரும் ஒரு குறும்படத்தைத் திரையிட்டு, "இதோ பாருங்கள்" என்று கூறி அமைகின்றார். அப்படம் மெய் கூறுகின்றதா என்று ஆராயும் கடமை எவருடையது?

இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு பொருள், ஓடும் படகிலிருந்து பருந்துகளையும் கடற்கழுகுகளையும் எடுக்கும் படங்கள். அவற்றுள்ளும் மலேசிய மாணாக்கர்க்கு அண்மையவை, லங்காவித் தீவின் கிலிம் ஆற்றில் எடுக்கப்படுவன. லங்காவி 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஏற்பினைப் பெற்ற நிலவியல் பூங்கா. சுண்ணாம்புக் குன்றுகளும் அவற்றின் அடியில் அலையாத்திக் காடுகளும் நிறைந்த கிலிம் பகுதி அதன் ஓர் உறுப்பு. அங்குச் செல்லும் சுற்றுலாப் பயணியர் பலரும் பருந்துப் படம் ஒன்றைக் கையில் கொண்டே திரும்புகின்றனர். தொழில் முறையில் படம் எடுப்போரும் அங்கே வருகின்றனர்.

அப்படங்களின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. முதலில் குன்று, பின்னர் வானில் வட்டமிடும் இரண்டொரு பறவைகள், பின்னர் அமைதியான நீர்ப்பரப்பு. திடீரென ஒரு பறவை தாழ்கின்றது. கால்கள் நீரைத் தொடுகின்றன. நீர்த்துளிகள் முத்துகளாய்ச் சிதறுகின்றன. பறவை எதையோ பற்றிக்கொண்டு மேலெழுகின்றது. "காட்டுப் பறவையின் வேட்டைத் திறன் காணீர்" என்று பின்னணியில் ஒரு குரல் ஒலிக்கின்றது. காண்போர் கைதட்டுகின்றனர். படகு எங்கேனும் தெரிகின்றதா? தெரியவில்லை. படகில் இருந்தோர் செய்தது என்ன என்பதும் தெரியவில்லை.

பெயரில் தொடங்கும் பிழை

படத்தின் முதற்பிழை பெயரிலேயே தொடங்குகின்றது. கிலிம் ஆற்றில் மிகுதியாகத் தாழ்ந்து பறப்பது செம்பருந்து. தலையும் மார்பும் வெண்மை. உடலும் சிறகும் செங்காவி நிறம். தமிழ் மக்கள் கருடன் என்று வணங்கும் பறவை இதுவே. சிறகு விரித்தால் 1 மீட்டருக்குச் சற்று மிகும். அதனோடு வருவது வெண்வயிற்றுக் கடற்கழுகு. சிறகு விரிப்பில் ஏறத்தாழ 2 மீட்டர் அளவினது. மேற்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் வெண்மை. உருவத்திலும் உணவு முறையிலும் வேறுபட்ட இவ்விரண்டையும் 'கழுகு' என்ற ஒரே சொல்லால் சுட்டிவிடுகின்றனர்.

மலாய்மொழியில் 'ஹெலாங்' என்னும் சொல் பருந்தினத்திற்கும் கழுகினத்திற்கும் பொதுப்பெயர். அச்சொல்லும் செந்நிறத்தைக் குறிக்கும் 'காவி' என்னும் சொல்லும் சேர்ந்தே லங்காவி என்னும் பெயர் தோன்றியது என்பர். குவா நகரின் கடலோரத்தில் நிற்கும் பெருஞ்சிலையும் செந்நிறப் பறவையின் சிலையே. ஆங்கில விளக்கத்தைத் தமிழாக்குவோர் அதனைக் கழுகு என்று எழுத, நாளிதழ்களும் அவ்வாறே வழங்குகின்றன. பருந்து, பாறு, எருவை என்று வேறு வேறு பெயர் தந்து, ஒவ்வொன்றன் இயல்பையும் பிரித்தறிந்த மொழி தமிழ். அம்மொழியின் ஆசிரியர்கள் இக்கலப்பை வாளா ஏற்றுக்கொள்வது பொருந்துமா?

படகு தரும் ஆற்றல்

படகிலிருந்து படமெடுத்தல் குறைபாடுடைய முறை என்று இதனால் கருதற்க. அதற்குத் தனியாற்றல் உண்டு. கரையில் நிற்கும் கருவி, பறவை கடந்து செல்வதை மட்டுமே காட்டும். பறவையின் வேகத்திலேயே படகும் ஓடுமாயின், பறவை திரையில் நிலைத்து நிற்கும். கரையும் மரமும் பின்னோக்கி ஓடும். சிறகின் ஒவ்வோர் இறகும் காற்றை எவ்வாறு தாங்குகின்றது, வால் எவ்வாறு திரும்புகின்றது என்பனவற்றை அப்போதுதான் கண் தெளிவாகக் கற்கும்.

பறவையின் பறத்தலைப் பிடித்து நிறுத்திக் காணவேண்டும் என்னும் வேட்கையே இயங்கு படத்தின் தோற்றத்திற்கு ஒரு காரணம். பிரெஞ்சு அறிஞர் எத்தியன் ஜூல் மாரே 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு படக்கருவி அமைத்தார். நொடிக்கு 12 படங்களை எடுத்த அக்கருவியைக் கொண்டு அவர் ஆராய்ந்தது பறவைகளின் பறத்தலையே. இன்று நொடிக்கு 120 படங்களை எடுத்து, அவற்றை நொடிக்கு 24 வீதம் ஓட்டிக் காட்டுகின்றனர். ஒரு நொடியில் முடியும் செயல் 5 நொடிக்கு நீள்கின்றது. கண்ணுக்கு எட்டாத ஒன்றை எட்டச் செய்வது இம்முறையின் நன்மை. ஆனால், நீட்டப்பட்ட காலம் நீட்டப்பட்டது என்று சொல்லப்படாவிடின், பருந்து அத்துணை மெதுவாகவே இறங்கும் என்று சிறுவன் எண்ணிக்கொள்வான்.

படகோட்டியின் பங்கும் சிறிதன்று. பறவை காற்றை எதிர்த்தே நீரை நோக்கி இறங்குவது வழக்கம். ஆதலின் காற்றும் கதிரவனும் படமெடுப்போர்க்குப் பின்னால் இருக்குமாறு படகை நிறுத்துவது தேர்ந்த படகோட்டியின் திறம். அவ்வாறு நிறுத்தினால் பறவை கருவியை நோக்கியே வரும். அதன் முகத்தில் ஒளியும் படும். அழகிய படம் ஒன்றில் பாதிப் பங்கு அவருடையது. ஆனால் அவர் பெயரைப் படத்தின் இறுதியில் காண்பது அரிது.

மறைக்கப்படுவது யாது?

இனி, மறைபொருளுக்கு வருவோர்க்கு ஒரு வினா எழும். பரந்த ஆற்றில், படக்கருவி காத்திருக்கும் சில அடிப் பரப்புக்குள் பருந்து சரியாக வந்து இறங்குவது எவ்வாறு? விடை எளியது. அங்கே உணவு எறியப்பட்டிருக்கின்றது. கோழித்தோலையும் குடலையும் நீரில் எறிந்து பருந்துகளை வரவழைப்பது கிலிம் சுற்றுலாப் படகுகளில் நெடுநாள் நிலவிய வழக்கம். அதனைத் தவிர்க்கும் படகோட்டிகளும் உளர். கோழித்தோல் பெரும்பகுதி கொழுப்பு. முழு மீனை உண்ணும் பறவைக்குக் கிடைக்கும் எலும்பும் பிற சத்தும் அதில் இல்லை. மேலும், இயந்திரப்படகுகள் விரைந்து எழுப்பும் அலை ஆற்றங்கரைச் சேற்றை அரித்து, அலையாத்தி மரங்களின் வேரைத் தளர்த்துகின்றது. படத்தின் அழகுக்குப் பறவையும் மரமும் கொடுக்கும் விலை இது.

கூர்ந்து நோக்கும் கண்ணுக்குப் படமே சான்று பகரும். பருந்தின் காலில் உள்ள மீன் துடிக்கின்றதா? துடிக்கவில்லையேல் அது முன்னரே இறந்த மீன். காலில் தொங்குவது மீனின் வடிவமே இன்றி வெளுத்துத் தொய்ந்திருக்கின்றதா? அது தோல். ஒரே இடத்தில் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றனவா? அங்கே உணவு சிதறிக் கிடக்கின்றது. நீர்ப்பரப்பில் வளைந்த நுரைக்கோடு தெரிகின்றதா? படகு அப்போதுதான் அங்கே சுற்றி வந்திருக்கின்றது. இத்துணையும் திரையில் இருக்க, 'வேட்டை' என்று குரல் மட்டும் கூறுகின்றது. கண் ஒன்றைச் சொல்ல, காது வேறொன்றைக் கேட்கின்றது.

ஒரு பழைய பாடம்

இத்தகைய பிழை சிறியது என்று எண்ணுவோர் ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுகூர்தல் நலம். 1958இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் 'ஒயிட் வைல்டர்னஸ்' என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டது. அதில் லெம்மிங் என்னும் சிற்றெலியினம் கூட்டம் கூட்டமாக நீரில் விழுந்து மாய்வதாகக் காட்டப்பட்டது. அப்படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது. 1982இல் கனடிய ஒலிபரப்புக் கழகத்தின் நிகழ்ச்சி ஒன்று உண்மையை வெளிப்படுத்தியது. அவ்விலங்குகள் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. படமெடுப்போரே அவற்றை ஆற்றில் தள்ளினர். இருபது ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ பேர் அதனை இயற்கையென்றே நம்பினர். அந்நம்பிக்கை இன்றும் முற்றாக அகலவில்லை.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 2001இல் வெளிவந்த, ழாக் பெரேன் இயக்கிய பிரெஞ்சுப் படம் வலசைப் பறவைகளைப் பற்றியது. அதில் தோன்றும் பறவைகளுட் பல, முட்டையிலிருந்து வெளிவந்த நாள்தொட்டு மனிதரோடு பழக்கப்பட்டவை. ஆகவேதான் அவை படக்கருவியின் அருகிலேயே அஞ்சாது பறந்தன. இச்செய்தியைப் படக்குழுவினர் மறைக்கவில்லை. செயற்கை ஏற்பாடு இரண்டிலும் உண்டு. ஒன்றில் அது பொய்யாயிற்று. மற்றொன்றில் அது முறையாயிற்று. வேறுபாடு, சொல்லியதிலும் சொல்லாததிலும் இருக்கின்றது.

எதிர்வாதமும் விடையும்

செம்பருந்து இயல்பாகவே செத்த மீனையும் கழிவையும் உண்பது. துறைமுகங்களில் அதனைக் காணலாம். எனவே எறிந்த உணவை அது எடுப்பதில் பொய் யாது என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. கழிவுண்ணல் அதன் இயல்பு என்பது மெய். அவ்வாறாயின் படமும் அதனைக் கழிவுண்ணலாகவே காட்டட்டுமே! வேட்டை என்று பெயர் சூட்டுவானேன்? பறவை பொய் செய்யவில்லை. பொய், பின்னணிக் குரலில் உள்ளது.

பறவைக்கு உணவிடும் காட்சி தமிழர்க்குப் புதிதும் அன்று. செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்தில், மலைமீது அருச்சகர் உணவிட, பாறு இனத்தைச் சேர்ந்த இரு பறவைகள் வந்து உண்டதை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டனர். சென்ற நூற்றாண்டின் இறுதியில் அவ்வருகை நின்றுவிட்டது. அங்கே உணவுக்கலம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. உணவிடும் கையும் தெரிந்தது. கூடிநின்ற எவரும் அதனை வேட்டை என்று மயங்கவில்லை. கிலிம் படங்களில் மறைக்கப்படுவது அந்தக் கையே.

படகுத்தொழில் பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றது என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆனால் உணவெறியாமல், தொலைவில் மெல்லச் சென்று காட்டும் படகும் அதே வாழ்வை அளிக்க வல்லது. அதற்குக் காண்போர் பொறுமை கற்கவேண்டும். அப்பொறுமையைக் கற்பிப்பது பள்ளியின் வேலை.

தொல்காப்பியர் தந்த அளவுகோல்

படத்தை ஆராய்தற்குப் புதிய அளவுகோலைப் பிறநாட்டில் தேடவேண்டுவதில்லை. செய்யுளின் உறுப்புகளைத் தொகுத்துக் கூறிய தொல்காப்பியர், அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பனவற்றையும் வைத்தார். அகப்பாட்டு ஒன்றைத் தோழி கூறினாளா, தலைவி கூறினாளா என்று அறியாமல் பொருள் கொள்ளல் இயலாது. அவ்வாறே படத்திற்கும் கூற்று உண்டு.

இப்படத்தைக் காட்டுபவர் யார்? யாருக்காகக் காட்டுகின்றார்? எங்கிருந்து எடுத்தார், கரையிலிருந்தா, ஓடும் படகிலிருந்தா? காலம் இயல்பான காலமா, நீட்டப்பட்ட காலமா? எப்பயன் கருதி எடுத்தார். அறிவூட்டவா, பயணச்சீட்டு விற்கவா? இவ்வைந்து வினாக்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பின்னர்ப் படத்தைத் திரையிடும் ஆசிரியர், அப்படத்தையே நல்ல பாடமாக்கிவிடுகின்றார். குறையுடைய படமும் அவர் கையில் பயன்படும். வினா எழுப்பாத வகுப்பில் நிறைவான படமும் வெறும் வேடிக்கையே.

படமெடுப்போர் செய்யவேண்டுவதும் பெரிதன்று. தொடக்கத்திலோ இறுதியிலோ படகினை ஒருமுறை காட்டுக. உணவு எறிந்திருப்பின் அதனையும் காட்டுக. படகோட்டியின் பெயரைக் குறிப்பிடுக. இவற்றால் பறவையின் அழகு அணுவளவும் குறையாது. கலையின் நேர்மை கூடும்.

இறுதியாக ஒன்று. உணவெறிந்து எடுத்த படங்களில் பருந்து ஒருபோதும் தவறுவதில்லை. இறங்கும் ஒவ்வொரு முறையும் இரை அதன் காலில் இருக்கின்றது. உண்மை வாழ்வில் அவ்வாறில்லை. செம்பனைத் தோட்டங்களின் மேல் கருந்தோள் பருந்து ஒன்று சிறகடித்து ஓரிடத்திலேயே நிற்பதைத் தோட்டத்துச் சிறுவர்கள் கண்டிருப்பர். அது எலியைக் குறிவைத்து இறங்கும், பல வேளை வெறுங்காலோடு எழும், மீண்டும் நிற்கும், மீண்டும் இறங்கும். படத்தில் பருந்தைக் கண்ட மாணாக்கரை ஒருநாள் மாலை அத்தோட்டத்தின் ஓரத்தில் நிறுத்திக் காட்டுவாராயின், அவ்வாசிரியர் கற்பிப்பது பறவை நூல் மட்டும் அன்று. தவறியும் தளராது முயல்வதே வேட்டை என்பதை அச்சிறுவர்கள் தம் கண்ணாலேயே கற்பர்.