அடிக்கும் உளி, தள்ளும் உளி

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியில் பிலிமத்தலாவை வந்ததும் பித்தளைக் கடைகள் தொடங்கிவிடும். தாம்பாளங்களில் அன்னத்தையும் தாமரையையும் வெட்டுவது சிற்றுளியும் சுத்தியலும்தான். சுவாமிமலையில் வார்த்தெடுத்த செப்புத் திருமேனியின் ஆடை மடிப்பையும் அணிகளையும் துலக்குவதும் அதே இரண்டுதான். 1908இல் வெளிவந்த ஆனந்த குமாரசுவாமியின் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூலில் கண்டிக் கம்மாளர் வேலையைப் பார்க்கும் சுவாமிமலைக்காரருக்கு அது அயலார் தொழிலாகப் படாது.

இந்த இரண்டு இடத்திலும் எஃகை விட்டுக் கார்பைடுக்கு மாறலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சுத்தியலால் அடிக்கும் வேலைக்கு வேண்டாம் என்பேன். டங்ஸ்டன் கார்பைடு மணிகளைக் கோபால்ட் பிடித்துவைத்திருக்கும் பொருள் அது. எளிதில் தேயாது, ஆனால் வளையவும் தெரியாது. கோணலாக ஓர் அடி விழுந்தால் முனை தெறித்துவிடும். எஃகு உளி மழுங்கினால் உலையில் காய்ச்சி, தட்டி, துவைச்சல் கொடுத்து மறுபடி எழுப்பலாம். பித்தளைக்கு அது தாராளம்.

உள்ளங்கையால் தள்ளி வெட்டும் வேலை வேறு. கொழும்பு செட்டியார் தெருவிலும் கோயம்புத்தூரிலும் கல் பதிப்பவர்கள் செய்வது அதைத்தான். 22 கேரட் தங்கம் மெத்தென்றது, நல்ல எஃகே போதும். ஆனால் இலங்கை நீலக்கல்லை வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ பதிப்பவருக்கு எஃகு முனை சீக்கிரம் மழுங்கும். கார்பைடு அங்கே தன் விலையைச் சம்பாதித்துவிடும்.

உளிக்கான கார்பைடுக் கம்பி கிடைக்கும் வழியில்தான் இந்த இரண்டு ஊரும் பிரிகின்றன. கோவையில் இயந்திரப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே தேய்ந்து கழித்த எண்ட்மில் என்னும் சுழல் வெட்டுக் கருவியின் காம்பு, முழுக் கார்பைடாக இருந்தால், அருமையான பொருள். பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த மணி, சுமார் 10 சதவீதக் கோபால்ட். உளிக்கு வேண்டியது இந்தச் சேர்க்கைதான். 6 சதவீதக் கோபால்ட் உள்ளது இன்னும் கடினம், ஆனால் நொறுங்கும் பயம் அதிகம். லேத்துக்காரர்கள் ‘விடியா’ என்னும் டிப் பொதுவாகப் பருமணி. அதில் கண்ணாடி போன்ற முனை எழாது, வெட்டிய கோடும் மின்னாது.

கொழும்பு நகைப் பட்டறையில் முதலில் கைக்கு அகப்படுவது தேய்ந்த பர் என்னும் சிறு சுழல் முனை. அதில் ஏமாறுகிறவர்கள் உண்டு. 2.35 மில்லிமீட்டர்க் காம்பு பெரும்பாலும் எஃகு, தலை மட்டுமே கார்பைடு. அதைத் தீட்டி உளியாக்கினால் உழைப்பு வீண். சர்க்கிட் பலகை துளைக்கும் 3.175 மில்லிமீட்டர்த் துரப்பணத்திலும் எஃகுக் காம்பு வருவதுண்டு. சோதிக்க எளிய வழி தராசு. 3 மில்லிமீட்டர்க் கம்பி 40 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் கார்பைடு சுமார் 4 கிராம், அதாவது அரைப் பவுன். எஃகானால் 2.2 கிராம்தான். பொன் நிறுக்கும் தராசு இரண்டு ஊர்ப் பத்தரிடமும் இருக்கிறதே!

உளியின் முகச் சாய்வை எஃகுக்கு 45 பாகை வைப்பவர் கார்பைடுக்கு 50 அல்லது 55 வைக்கட்டும். முனைக்குப் பின்னால் சதை வேண்டும். வழக்கமான சாணைக்கல் இதற்கு ஆகாது. வைரச் சக்கரத்தில் உருக்கொடுத்து, வைரப் பசையில் மெருகேற்ற வேண்டும்.

எஃகில் பழகிய கை, சூடேறிய முனையைச் சட்டென்று தண்ணீரில் தோய்க்கும். கார்பைடில் அதைச் செய்யாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். தொடக்கம் முதலே தண்ணீர் சொட்டவிட்டுத் தீட்டுங்கள். தீட்டும்போது வரும் தூளிலுள்ள கோபால்ட் நுரையீரலைக் கெடுக்கும். கொழும்போ கோவையோ, முகக் கவசமில்லாமல் சக்கரத்தின் முன் உட்காராதீர்கள்.