வன்புறை: பருவம் பிறழ்ந்த காலத்து ஆறுதல்

துன்புற்றாரைத் தேற்றும் வழக்கம் எல்லா நாட்டு மக்களிடத்தும் உண்டு. அவ்வழக்கத்தை இலக்கணப் பொருளாகக் கொண்டு, அதற்கெனச் சொற்களும் விதிகளும் வகுத்தமை தமிழ்ப் பொருளிலக்கணத்தின் சிறப்புக்களுள் ஒன்றாகும். தலைவன் பிரிந்தவழி ஆற்றாளாகிய தலைவியைத் தோழி ஆற்றுவித்தல் அகப்பாடல்களிற் பெரிதும் பயிலும் துறை. ஆற்றாமை, ஆற்றுவித்தல், வற்புறுத்தல், வன்புறை, வன்புறை எதிரழிதல் என அப்பாடல்களின் கீழ் எழுதப்பட்ட துறைக் குறிப்புக்களில் வழங்கும் சொற்கள், ஓர் உள்ளம் துயரைத் தாங்குமாற்றை நுணுகி நோக்கியோர் ஆக்கிய சொற்களாம். பண்டைக் காதலரின் பிரிவுக்கு அமைந்த அச்சொற்கள், இக்காலத்து எழுந்துள்ள புதியதொரு துயரை விளங்கிக்கொள்ளப் பயன்படுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அப்புதிய துயர் யாது? கைத்தொழில் யுகத்துக்கு முந்திய நிலையினும் உலகின் சராசரி வெப்பம் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்ததென உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. இவ்வுயர்வினாற் பனிமலை உருகுதலும், கடல் மட்டம் ஏறுதலும், மழை தன் முறை பிறழ்தலும் யாவரும் அறிந்தவை. அவற்றோடு மக்கள் உள்ளத்திலும் ஒரு நோய் புகுந்துள்ளது. 10 நாடுகளைச் சேர்ந்த, 16 முதல் 25 வரை வயதுடைய 10,000 இளைஞரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வொன்றில், காலநிலை மாற்றத்தையிட்டு மிகுந்த கவலை கொண்டோர் நூற்றுக்கு 59 பேராயினர். நூற்றுக்கு 45 பேருக்கு மேற்பட்டோர், அக்கவலை தம் அன்றாட வாழ்வையே தாக்குகின்றது என்றனர். கல்லூரி மாணவர் பருவத்தினரே இவர்கள் என்பது மனங்கொளத்தக்கது.

இத்துயருக்குப் பெயரிட முயன்றோருள் அவுஸ்திரேலிய மெய்யியலாளர் கிளென் அல்பிறெக்ட் ஒருவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஹன்டர் பள்ளத்தாக்கில், திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களாற் சூழல் உருமாறக் கண்ட மக்களின் மனநிலையை அவர் ஆராய்ந்தார். அம்மக்கள் ஊரைவிட்டுப் போகவில்லை, வீட்டிலேயே இருந்தனர். ஆயினும் ஊரைப் பிரிந்தார் படும் ஏக்கம் அவர்களிடம் காணப்பட்டது. இந்நிலையை அவர் 'சொலஸ்ரால்ஜியா' என்றார். ஆறுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லும், நோவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் அப்பெயரிற் கலந்துள்ளன. இருந்த இடத்திற் பெற்ற ஆறுதலை அவ்விடத்திலேயே இழந்த நோவு என்பது கருத்து. நம்மவர் இதனை ஆற்றாமை என்ற ஒரு சொல்லாற் சுட்டியிருப்பர்.

தமிழ் மரபில் இத்துயருக்கு உரிய திணை பாலையேயாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் நான்குக்கும் நிலம் வகுத்த தொல்காப்பியர், நடுவே நின்ற பாலைக்குத் தனி நிலம் வகுத்திலர். வேனிலும் நண்பகலுமாகிய பொழுதையே அதற்கு உரிமையாக்கினர். இளங்கோவடிகள் காடுகாண் காதையில் இதனை மேலும் விளக்குகின்றார். ஞாயிற்றின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு, தம்மைச் சார்ந்தார்க்கு நலம் தருதலை விட்டுத் துயர் தரும் நிலையை அடையும்போது, அந்நிலையே பாலை எனப்படுகின்றது. ஆகவே பாலை என்பது ஓர் இடமன்று. இடங்களுக்கு நேரும் ஒரு கேடு. அதன் உரிப்பொருளோ பிரிவு. நிலத்தின் திரிபையும் நெஞ்சின் பிரிவையும் ஒரே திணையுள் அடக்கிய இப்பகுப்பை நோக்குமிடத்து, அல்பிறெக்ட் தேடியது இத்தகையதொரு பெயரையே எனலாம்.

ஒரு வேற்றுமையும் உண்டு. அகப்பாடலில் தலைவி இல்லிலிருப்பத் தலைவன் பிரிந்து செல்கின்றான். இக்காலத் துயரிலோ பிரிந்து செல்வது நிலமே. எமது குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. மாரி மழை சுண்ணக்கற் படையினுள் இறங்கித் தங்குவதனாலேயே கிணறுகளில் நன்னீர் உண்டு. அந்நீரை மிகுதியாக இறைத்தலாலும் கடல் மட்டம் உயர்தலாலும் கிணறு உவராகுமாயின், கமக்காரன் இருந்த இடத்திலேயே இருக்க, அவன் நிலம் அவனைப் பிரிகின்றது. சங்கப் புலவர் இக்காலக் காலநிலை மாற்றத்தை முன்னரே அறிந்து பாடினர் என்று கூறுவது எமது நோக்கமன்று; அத்தகைய கூற்று ஆராய்ச்சிக்கு ஏலாது. அவர்கள் அறிந்தது மனத்தின் இயல்பு. அதன் அளவிலேயே அவர்கள் இன்று எமக்குத் துணையாவர்.

இத்துயருக்கு இன்று மருந்தெனச் சொல்லப்படுவன இரண்டு. ஒன்று மனவிழிப்புப் பயிற்சி. மற்றையது இயற்கையோடு கூடியிருத்தல். பௌத்த மரபிலிருந்து பெற்ற பயிற்சியை ஜோன் கபாட்-சின் 1979இல் ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் நோயாளருக்கு உரியதாக அமைத்தார். யப்பானின் வனத்துறை 1982இல், காட்டில் நீராடுதல் எனப் பொருள்படும் 'ஷின்ரின்-யோகு' என்ற பெயரால் மக்களை மரநிழலுக்கு அழைத்தது. இவற்றாற் பயனுண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின், உலகிற் பிழையானவற்றை உள்ளத்தின் அமைதியின்மையாகவே காட்டி, திருத்த வேண்டியது உலகையன்று, உன் மனத்தையே என்று சொல்லும் வாணிகமாக இப்பயிற்சி மாறிவிட்டதென்று றொனால்ட் பர்சர் 2019இல் வெளியிட்ட நூலிற் கண்டித்தார். பயனும் கண்டனமும் ஒருங்கே உண்மையாயிருத்தல் எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காணத் தோழியின் வன்புறையை வகைப்படுத்தி நோக்குதல் வேண்டும்.

முதல் வகை, பருவம் அன்று என்று வற்புறுத்தல். கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை, காரோ வந்துவிட்டது. தலைவி கலங்குகின்றாள். குறுந்தொகை 66ஆம் பாட்டில், பருவமல்லாத காலத்துப் பெய்த மழையைக் காரென்று மயங்கிப் பூத்த கொன்றை மரங்கள் அறிவற்றவை என்று தோழி கூறுகின்றாள். 251ஆம் பாட்டில் அறியாமைப் பட்டம் மயில்களுக்குக் கிடைக்கின்றது. அங்கே அவள் ஒரு காரணமும் காட்டுகின்றாள்: முகில் புதிய நீரை முகத்தற்பொருட்டுச் சென்ற மழையில் எஞ்சிய பழைய நீரைக் கொட்டுகின்றதாம். அன்பு மிகுந்த நெஞ்சு, தான் காக்க விரும்பும் ஒருத்தியின் பொருட்டு வானத்தின்மேலும் பொய் சொல்லத் துணிகின்றது. இப்பாடல்களின் சுவை இத்துணிவிலேயே உள்ளது. கேட்கும் தலைவிக்கும் உண்மை தெரியும், படிக்கும் எமக்கும் தெரியும், கொன்றைக்குந் தெரியும்.

ஆயினும் இவ்வன்புறை சின்னாட்களுக்கே உரியது. தலைவன் வந்துவிட்டால் அப்பொய் நன்மையாய் முடியும். வாரானாயின் அது முன்னையினும் பெரிய துயராகும். இன்று கொன்றையும் பிறவும் காலமல்லாக் காலத்திற் பூக்குமிடத்து, இது வழமையான மாற்றமே, முன்னும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு என்று கூறித் தேற்றுவாரும், கண்ணை மூடி மூச்சை நோக்குக, யாவும் நலமாகும் என்று மட்டும் கூறித் தேற்றுவாரும் இம்முதல் வகையினரே. முன்னவர் அறிவியல் பேசுகின்றனர். பின்னவர் அமைதி பேசுகின்றனர். பருவம் வந்ததை மறைத்தலில் இருவரும் ஒருவரே. தோழியிடம் அன்பாவது இருந்தது.

குறுந்தொகை 21ஆம் பாட்டு இங்கே ஒப்புநோக்கற்பாலது. அதில் தலைவியே பேசுகின்றாள். கொன்றை பூத்த காடு இது காரென்று சொன்னாலும் தான் நம்பப் போவதில்லை என்றும், அவர் பொய் சொல்லார் என்றும் கூறுகின்றாள். துறைக் குறிப்பின்படி, இனி எவ்வாறு இவளை ஆற்றுவிப்பேன் எனக் கவன்ற தோழியின் குறிப்பறிந்து, தான் ஆற்றுவேன் என்பது தோன்ற அவள் உரைத்தது இது. தேற்றப்பட வேண்டியவளே தேற்றுகின்றாள். பெரியோர் கலங்காதிருக்கும் பொருட்டுத் தம் அச்சத்தை மறைத்துத் தமக்குக் கவலையில்லை என்று சொல்லும் இளைஞரை இத்தலைவியிடம் காண்கின்றோம். அச்சொல்லை உண்மையென நம்பி இருந்துவிடுதல் தோழிக்கு அழகன்று.

இரண்டாம் வகையே எமது ஆராய்ச்சிக்குச் சிறந்தது. தொல்காப்பியப் பொருளியல் இறைச்சியைப் பற்றிக் கூறுமிடத்து ஒரு விதி வகுக்கின்றது: தலைவி வருந்திய பொழுது, அன்பு தோன்றுதற்குரிய கருப்பொருட் செய்திகளை இறைச்சியினுள் எடுத்துக் காட்டுதலும் வன்புறையாகும் என்பது. இயற்கையை நோக்கித் துயர் ஆறுதல் என்று இன்று மேனாட்டார் ஆராய்வதனை இவ்விதி இரண்டே அடிகளில் அடக்கியுள்ளது. இதற்கு இலக்கியமாகப் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஆம் பாட்டைக் காட்டலாம். தலைவன் சென்ற வழியிலே, ஆண் யானை யாமரத்தின் பட்டையை உரித்துத் தன் பிடியின் பசியைத் தீர்க்கும் என்று தோழி சொல்கின்றாள். அதைக் காணும் தலைவன் உன்னை நினைந்து மீள்வான் என்பது குறிப்பு.

இங்கே தோழி மறைத்தது ஒன்றுமில்லை. தழை இல்லாமையாலன்றோ யானை பட்டையை உரிக்கின்றது? நிலம் வறண்டது, பசி உண்டு, வழி கொடியது. இவ்வளவும் அக்காட்சியினுள்ளே அடங்கியுள்ளன. அவ்வறட்சியின் நடுவிலும் அன்பு ஒன்று தன் தொழிலைச் செய்கின்றது என்பதே அவள் சுட்டுவது. முதல் வகை வன்புறை உலகைப் பார்க்காதே என்கின்றது. இரண்டாம் வகை இன்னும் கூர்ந்து பார் என்கின்றது. கூர்ந்து பார்த்தற்கு மரத்தின் பெயர் தெரிதல் வேண்டும். விலங்கின் செயல் தெரிதல் வேண்டும். பாலையிலும் யாமரத்தை யாமரமென அறிந்தவளே இவ்வாறு தேற்ற வல்லவள். ஊரிலுள்ள மரங்களின் பெயரறியாதான் இயற்கையால் ஆறுதல் பெறுவேன் என்று புறப்படின், அவன் பெறுவது குளிர்ந்த காற்று மட்டுமே.

மனவிழிப்பின் மூலப்பொருளும் இதுவே. பாளி மொழியில் அதனைக் குறிக்கும் 'ஸதி' என்ற சொல், நினைவு எனப் பொருள்படும் வடமொழி 'ஸ்மிருதி'யோடு ஒரு வழியது. ஸதிபட்டான சுத்தம் துன்ப உணர்வைத் துன்ப உணர்வென்றே அறியுமாறு கூறுகின்றது. அதனை இன்பமென மாற்றிக் கொள்ளச் சொல்லவில்லை. ஆகவே பர்சர் கண்டித்தது முதல் வகை வன்புறையாய்த் திரிந்த பயிற்சியையே. இரண்டாம் வகையாய் நிற்கும் பயிற்சியை அக்கண்டனம் தீண்டாது.

இனி, தேற்றம் செல்லாத இடமும் ஒன்றுண்டு. பறம்பு மலையையும் தந்தையையும் இழந்த பாரி மகளிர் பாடியதாக உள்ள புறநானூறு 112ஆம் பாட்டில் வன்புறை இல்லை, தோழியும் இல்லை. சென்ற திங்களில் இருந்ததும் இத்திங்களில் இல்லாததும் ஒரே வெண்ணிலவின் கீழ் வைத்து எண்ணப்படுகின்றன. அந்நிலவு அவர்களுக்கு ஆறுதல் தரவில்லை. இழப்பின் அளவையே காட்டுகின்றது. இழந்ததை இழந்தோம் என்று எண்ணிச் சொல்லுதற்கும் இயற்கை சான்றாகும் என்பதை இப்பாட்டு உணர்த்துகின்றது. ஐஸ்லாந்தில் 'ஒக்' என்னும் பனியாறு அப்பெயருக்குரிய தகுதியை இழந்துவிட்டதென 2014இல் அறியப்பட்டது. 2019 ஓகஸ்ற் மாதத்தில் மக்கள் அவ்விடம் ஏறிச் சென்று, எழுத்தாளர் அன்ட்றி ஸ்னைர் மக்னசொன் எழுதிய வாசகம் பொறித்த பட்டயமொன்றைப் பதித்தனர். நடப்பதும் செய்யவேண்டியதும் எமக்குத் தெரியும். செய்தோமா என்பதைப் பின்வருவோரே அறிவர் என்பது அதன் கருத்து. அதுவும் பொய்த் தேற்றம் கூறாத கையறுநிலையே.

அப்பட்டயத்தின் பின்பகுதி எம்மை இறுதி வினாவுக்குக் கொணர்கின்றது. தோழியின் கடமை தலைவியைத் தேற்றுவதோடு முடிவதன்று. பொருள்வயிற் பிரியக் கருதும் தலைவனிடஞ் சென்று, வழியின் கொடுமையும் இவளது ஆற்றாமையும் கூறி, அவன் செலவைத் தடுத்தலும் அவளுக்குரியது. அது செலவழுங்குவித்தல் எனப்படும். ஆயினும் தலைவன் போகும் வழியில் தயங்கி நிற்றல் போகாது விடுதலாகாது, தலைவியைத் தேற்றும் பொருட்டுச் சிறிது தாழ்த்தலேயாம் என்று கற்பியல் கூறுகின்றது. இவ்விலக்கணம் இக்கால அரசுகளுக்கும் பொருந்துவது வியப்பே. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த முயல்வோம் என்று 2015இல் பாரிசில் நாடுகள் உடன்பட்டன. அதன் பின்னும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றால் வெளியாகும் கரியமிலவாயு, 2020இற் சிறிது குறைந்ததொழிய, பெருகியே வந்தது. அவ்வுடன்படிக்கை இதுகாறும் செல்லாமையாக அமையவில்லை. வன்புறை குறித்த தாழ்த்தலாகவே அமைந்தது.

அகப்பாடலிற் பிரிவோன் ஒருவன், வருந்துவாள் ஒருத்தி. எமது நிலையில் இவ்விருவரையும் முற்றாக வேறுபிரித்தல் அரிது. பொருள் தேடி நிலத்தின் இயல்பைக் கெடுக்கும் செலவில் நாடுகளின் பங்கு ஒன்றினொன்று பெரிதும் வேறுபடினும், சிறிதேனும் பங்கில்லாதார் சிலரே. ஆதலின், ஒவ்வொருவரும் தமக்குத் தாமே தோழியாதல் வேண்டும். பூத்த கொன்றையைப் பொய்யென்று கூறாது, அதன் நிழலில் நின்று உள்ளதை உள்ளவாறு நோக்கித் துயரைத் தாங்குதல் அத்தோழமையின் ஒரு பாதி. அவ்வாறு பெற்ற உறுதியோடு எழுந்து சென்று செலவைத் தடுத்தல் மறுபாதி. முதற் பாதியோடு நின்றுவிடுவார் அமைதி அடைவர். ஆனால் கிணறு உவராகிக்கொண்டேயிருக்கும். இரண்டாம் பாதியை மட்டும் மேற்கொள்வார் இடைவழியில் ஆற்றாது மெலிவர். இரண்டையும் ஒருத்தியின் தொழிலாகவே வைத்த முன்னோர், மனித உள்ளத்தை நன்கறிந்தோர் எனல் மிகையன்று.