இரண்டே முக்கால் மீட்டரில் ஒரு திருப்பம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் குடோன் ஒன்றில், எட்டு மீட்டர் உயர ரேக் தட்டிலிருந்து ஒரு பேலட் இறங்க வேண்டும். கீழே ரீச் டிரக்கில் பக்கவாட்டாக உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் அண்ணாந்து பார்க்கிறார். தலைக்கு மேலிருக்கும் காப்புக் கம்பிகள் பாதிப் பார்வையை மறைக்கின்றன. "அண்ணே, இன்னும் ரெண்டு விரக்கடை லெஃப்ட்" என்று தள்ளி நிற்கும் ஹெல்பரிடமிருந்து குரல். விரல்நுனியில் ஒரு சின்ன லீவர். ஃபோர்க் மட்டும் இடப்பக்கம் நகர்கிறது, வண்டி அசையவில்லை. பிறகு ஃபோர்க்கைத் தாங்கும் தூணான மாஸ்ட் முன்னே நீண்டு, பேலட்டை ஏந்தி, வண்டியின் இரு கால்களுக்கு நடுவே பின்வாங்குகிறது.

ரீச் டிரக்கின் சூட்சுமமே இந்தப் பின்வாங்கல்தான். சாதாரண ஃபோர்க்லிஃப்ட் சுமையை மூக்குக்கு முன்னால் தூக்கிக்கொண்டு, அதற்கு ஈடாக முதுகில் இரும்புப் பாரம் சுமக்கிறது. அது திரும்ப மூன்றரை மீட்டருக்கு மேல் சந்து வேண்டும். சுமையைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் ரீச் டிரக்குக்கு 2.7 முதல் 2.9 மீட்டர் போதும். குறை என்னவென்றால், சின்னப் பாலியூரித்தேன் சக்கரங்கள். வழவழப்பான தளத்தில் வெண்ணெய் மாதிரி ஓடும். ஜல்லி கிடக்கும் லாரி முற்றத்தில் திணறிவிடும். வெளியே லோடு இறக்க இன்னொரு வண்டி தேவை.

அந்த இரண்டாவது வண்டியே வேண்டாம் என்கிறது இடுப்பு வளையும் ரகம். இங்கிலாந்தின் பெண்டி, அயர்லாந்தின் ஐல்-மாஸ்டர் எல்லாம் இந்தச் சாதி. மாஸ்ட்டும் முன்சக்கரங்களும் சேர்ந்து பக்கவாட்டில் மடங்குவதால், இரண்டு மீட்டர் சந்திலேயே பேலட்டை ரேக்குக்குள் செருகலாம். லாரியிலிருந்து நேராகத் தட்டுக்கு, ஒரே வண்டி. ஆனால் பழைய ஃபோர்க்லிஃப்டில் பின்சக்கரத்தைத் திருப்பிப் பழகிய கை இதில் முதலில் தடுமாறும். பயிற்சிக்கு நாள் ஒதுக்காமல் இதை வாங்குவது வீண்செலவு.

மூன்றாவது, டரெட் டிரக். சந்து 1.6 முதல் 1.8 மீட்டர். வண்டி சந்துக்குள் திரும்புவதே இல்லை. ஃபோர்க் மட்டும் இடமும் வலமும் சுழலும். தளத்தில் புதைத்த கம்பியோ, ஓரத்துத் தண்டவாளமோ வழிநடத்தும். சில மாடல்களில் ஓட்டுநரின் கூண்டே சுமையோடு மேலேறுவதால் கழுத்துவலிக்கு வேலையில்லை. தளம்தான் இதற்கு எமன். 1.2 மீட்டர் சக்கர அகலத்தில் இரண்டே மில்லிமீட்டர் சாய்வு இருந்தாலும், 12 மீட்டர் உயரத்தில் மாஸ்ட் இரண்டு சென்டிமீட்டர் விலகி நிற்கும். பழைய குடோனில் இதை இறக்க நினைப்பவர் முதலில் தளத்தைப் பெயர்க்க வேண்டியிருக்கும்.

விற்பனையாளர்கள் சொல்லாத ஒரு கணக்கு உண்டு. 30 மீட்டர் அகலக் குடோன். முதுகோடு முதுகாக நிற்கும் இரட்டை ரேக்குக்கு 2.2 மீட்டர். சாதாரண வண்டிக்கு 3.6 மீட்டர் சந்து விட்டால் ஐந்து இரட்டை ரேக் வரும். ரீச் டிரக்குக்கு 2.8 விட்டால் ஆறு, இடுப்பு வளையும் வண்டிக்கு இரண்டு விட்டால் ஏழு. 1.7 மீட்டரே கேட்கும் டரெட் டிரக்குக்கும் ஏழுதான்! போதாக்குறைக்கு, ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்கு மாற அது கடைசியில் அகலமான இடமும் கேட்கும். கூரை உயரமாக இருந்தால் மட்டுமே அதில் போட்ட பணம் திரும்பும். ஒன்பது, பத்து மீட்டர் கூரையும் நல்ல தளமும் உள்ள பெரும்பாலான குடோன்களுக்கு ரீச் டிரக்கே பொருத்தம். லாரி முற்றம் கரடுமுரடான சின்னக் குடோனுக்கு இடுப்பு வளையும் ரகம்.

எதை வாங்கினாலும் கையில் டேப் இருக்கட்டும். விளம்பரத் தாளில் உள்ள சந்து அகலம் பெரும்பாலும் 1200க்கு 1000 மில்லிமீட்டர் பேலட்டில் சுமை கச்சிதமாக அடங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. அரிசி மூட்டை அப்படி அடங்காது. பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பிதுங்கினால், இரண்டு மீட்டர் சந்து 1.9 ஆகிவிடும். அளக்க வேண்டியது ரேக்குக்கும் ரேக்குக்கும் இடையே அல்ல, மூட்டைக்கும் மூட்டைக்கும் இடையே.